கேட்டு மாமாவின் துண்டு

1987, செப்டம்பர். தனி இடஒதுக்கீடு கோரி வட மாவட்டங்களில் ஒரு வாரம் சாலை மறியல் நடைபெற்றது. வெட்டப்பட்ட மரங்கள் நெடுஞ்சாலைகளின் குறுக்கே கிடந்தன. துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. கள்ளக்குறிச்சி அப்போது தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்த ஊர்.

மறியலை அடுத்து வந்த தை மாதம். கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலை பிரியும் முனையில், தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் வந்த ரயில்வே கேட் காவலர் ஒருவரின் சிமெண்ட் சிலை நிறுவப்பட்டது. வண்ணம் பூசப்படவில்லை.

1989. மாநிலத்தில் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்ற தனிப் பிரிவுக்கு ஒதுக்கீடு அளிக்கப்பட்டது. அந்த ஆண்டு சிலைக்கு வண்ணம் பூசப்பட்டது.

1990, ஆகஸ்ட். மத்திய அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கு ஒதுக்கீடு அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் சிலையின் வலக்கை உடைக்கப்பட்டது. சிலையைச் சுற்றி இரும்புக் கூண்டு அமைக்கப்பட்டுப் பூட்டப்பட்டது.

கூண்டு இன்றும் இருக்கிறது. அந்தச் சிலையை வைக்கச் சொன்னவர் சென்ற மாதம் இறந்தார்.

இவை நடந்தவை. இவற்றை யாரும் மறுக்க மாட்டார்கள். இனி நான் எழுதுவதைச் சிலர் மறுப்பார்கள், மறுக்கட்டும்.

சென்ற வாரம் அந்தச் சிலையைப் பார்க்கப் போனேன். பார்க்கப் போனதற்குக் காரணம், கூண்டின் முன்பக்கத்தில் பதாகை ஒன்று கட்டியிருப்பதாக வந்த செய்தி. செய்தி உண்மைதான். சிலையின் முகம் மறையும்படி பதாகை கட்டப்பட்டிருந்தது. அதில், சிலையை வைக்கச் சொன்ன அம்மையாரின் படம். எங்கோ ஓர் அடையாள அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கியது. மேலே ‘கண்ணீர் அஞ்சலி’. கீழே ‘எமது சமுதாயத்தின் அணையா விளக்கு’. அதற்கும் கீழே ஒரு சாதிச் சங்கத்தின் பெயர். அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன்.

எதிர்க் கடையில் பாய் உட்கார்ந்திருந்தார். ஒரு காலத்தில் ரேடியோவும் தொலைக்காட்சிப் பெட்டியும் விற்ற கடை. இப்போது கைப்பேசி உறைகள் தொங்குகின்றன. கடையை மகன் பார்க்கிறார். பாய் காற்றுக்காக வாசலில் அமர்ந்திருக்கிறார்.

“பாத்துட்டீங்களா சார்” என்றார்.

“யார் பாய் கட்டினது?”

“அம்மாகிட்ட டைப்பு படிச்ச புள்ளைங்கதான். ரெண்டு பேரு ஏணி எடுத்துக்கினு வந்து கட்டிக்கினு போனானுங்க. மனசுல கெட்டது ஒண்ணும் இல்ல சார். மரியாத பண்றதா நெனைக்கிறானுங்க.”

“இத்தன வருஷம் யாருக்கும் தெரியாதது இப்ப மட்டும் எப்பிடித் தெரிஞ்சுது?”

“சாவுல தெரிஞ்சுது. வேற எங்க தெரியும்?”

அப்போது அங்கே உறை வாங்க வந்திருந்த ஒருவர், என் முகத்தையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எந்தத் தலைவருங்க உள்ள இருக்கறது?” என்று கேட்டார். தலைவர் இல்லை என்றேன். “தலைவர் இல்லன்னா எதுக்குங்க கூண்டு?” என்றார். நியாயமான கேள்வி.

அந்த அம்மையாரின் பெயரை எழுதப்போவதில்லை. பெயரை எழுதினால் அதிலிருந்தும் எதையாவது கண்டுபிடிப்பார்கள். தட்டச்சுப் பயிற்சி நிலையம் ஒன்றை நடத்திவந்தார். ஊரில் எல்லாரும் ‘டீச்சரம்மா’ என்றார்கள். நான் அரசுக் கல்லூரியில் வரலாறு கற்பித்தேன். அவருக்கு உறவினன் அல்லன். மாலை நேரத்தில் அவர் நிலையத்துக்குப் போய்த் தேநீர் அருந்திவிட்டு வருகிறவன். அவ்வளவுதான் என் உரிமை.

அவருடைய தமிழைக் கேட்டு எந்தத் தெருவென்று யாராலும் சொல்ல முடியாது. ‘இன்னா’ என்பார், ‘வூடு’ என்பார். ஆனால் அந்தச் சொற்களுக்கு அப்பால் ஓர் அடையாளமும் நழுவி விழாது. கழுத்தில் மெல்லிய சங்கிலி; அதிலிருந்தும் ஒன்றும் தெரியாது. கல்யாண வீட்டில் எதைப் பரிமாறினாலும் சாப்பிடுவார். சாமி கும்பிடுவார், எந்தச் சாமி என்று கேட்டால் பக்கத்திலிருக்கும் சாமியைச் சொல்வார். புதிதாகத் தட்டச்சு பயில வரும் பெண்களின் தாய்மார்கள் முதல் நாளே விசாரணையைத் தொடங்கிவிடுவார்கள்.

“சொந்த ஊரு எதும்மா?”

“உளுந்தூர்பேட்ட.”

“நாங்களும் அந்தப் பக்கந்தான். உளுந்தூர்பேட்டையில எங்க?”

“பஸ்சு நிக்கிற எடத்துல.”

“அதில்லம்மா, எந்தத் தெருவுல?”

“தெருவுக்குள்ள எங்க, பஸ்ஸ விட்டு எறங்க விட்டாத்தான. எப்பப் பாரு லாரி.”

சிரித்துக்கொண்டே சொல்வார். வந்தவரும் சிரிப்பார். பிறகு வீட்டுக்குப் போகும் வழியில்தான் தமக்குப் பதில் கிடைக்கவில்லை என்பது அவருக்கு உறைக்கும்.

இதில் எனக்கு அவரோடு உடன்பாடு இருந்ததில்லை. சாதியால் இழந்தவர்கள் சாதியைச் சொல்லித்தான் இழந்ததைக் கேட்க வேண்டும். சொல்லாமல் இருப்பது சொல்லத் தேவையில்லாதவர்களின் சௌகரியம் என்று ஒருநாள் வாதிட்டேன். அவர் அப்போது தட்டச்சு செய்துகொண்டிருந்தது ஒரு சாதிச் சான்றிதழ் மனு. மறியல் ஆண்டுகளில் அந்தப் பொறிகள் ஓய்ந்ததே இல்லை. ஒதுக்கீடு கேட்டவர்களின் மனுவும் அங்கேதான். அவர்கள்மீது புகார் சொன்னவர்களின் மனுவும் அங்கேதான். கருணாபுரத்துக் கூலிக்காரரின் பிள்ளைக்கு உதவித்தொகை கேட்ட மனுவும் அங்கேதான். எல்லாவற்றிலும் சாதிப் பெயரைத் தெளிவாக, அடிக்கோட்டோடு அடித்துக் கொடுத்தார்.

தாளை உருளையிலிருந்து உருவிக்கொண்டே பதில் சொன்னார். “அரசாங்கம் கேட்டா சொல்லுங்கன்னு நானேதான் அடிச்சுக் குடுக்கறேன் சார். அது குடுக்கறதுக்குக் கேக்குது. டீக்கடையில கேக்கறவன் எதுக்குக் கேக்கறான்? நம்மள எங்க ஒக்கார வைக்கறதுன்னு தெரிஞ்சுக்கக் கேக்கறான். அவனுக்கு நான் எதுக்கு ஒத்தாசை பண்ணணும்?”

நான் படித்த நூல்களில் இந்த வேறுபாடு இவ்வளவு சுருக்கமாகச் சொல்லப்பட்டதில்லை. ஆயினும் நான் முழுவதும் ஒப்புக்கொள்ளவில்லை. இன்றும் இல்லை.

கல்வராயன் மலைக்கு அவரோடு ஒருமுறை போனேன். வெள்ளிமலையில் மலையாளிப் பழங்குடியினர் சிலர் தங்கள் பிள்ளைகளுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் கீழே இறங்கி வருவதற்கு ஒருநாள் கூலி போகும் என்பதால், தட்டச்சுப் பொறியைச் சாக்கில் கட்டிப் பேருந்தில் ஏற்றி இவர் மேலே போனார். ஒரு பலாமரத்தடியில் மேசை போட்டு மனுக்களை அடித்தார். வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர், தம் முறை வந்ததும், பணிவாகவே கேட்டார்:

“அம்மா நீங்க இன்னா ஆளுங்கம்மா?”

“டைப்பு அடிக்கிற ஆளுங்க.”

பெரியவர் சிரித்தார். “நீங்க பரவால்லம்மா. சொல்லாமயே காலம் தள்றீங்க. நாங்க மலையாளி, மலையாளின்னு கத்திக்கினு கெடக்கறோம். ஆபீசருங்க நம்ப மாட்றாங்க. எங்கப்பன் மலையில பொறந்தான், தாத்தன் மலையில பொறந்தான். நீ மலையாளின்னு காட்டுங்கறாங்க. எதக் காட்டறது? மலையத்தான் காட்டணும்.”

திரும்பும் வழியில், பேருந்து கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அம்மையார் மடியிலிருந்த பொறியை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். சொல்ல விரும்பாதவரை நச்சரிக்கிறார்கள். சொல்லியே ஆக வேண்டியவரை நம்ப மறுக்கிறார்கள். இந்த அநியாயத்தைப் பற்றி நான் ஒரு கட்டுரை எழுதலாம் என்று எண்ணினேன். அவர் அடுத்த வாரம் மீண்டும் பொறியைச் சாக்கில் கட்டினார்.

இனி சிலையைப் பற்றி.

செவ்வாய்க்கிழமை மாலைகளில் சென்னைத் தொலைக்காட்சி நிலையத்திலிருந்து அந்தத் தொடர் வரும். கதை எளியது. ஒரு ரயில்வே கேட். அதன் காவலர் தோளில் துண்டோடு நிற்பார். கேட் சாத்தியதும் மாட்டுவண்டி, கார், கல்யாணக் கூட்டம், சவ ஊர்வலம் எல்லாம் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். நிற்பவர்களுக்குள் சண்டை வரும். “ரயில் போவட்டும், அப்பறம் பேசலாம்” என்பார் காவலர். ரயில் போவதற்குள் சண்டை தீர்ந்துவிடும். அவருக்குத் தொடரில் பெயர் கிடையாது. எல்லாரும் ‘கேட்டு மாமா’ என்பார்கள். கள்ளக்குறிச்சிக்கு அப்போது ரயிலே கிடையாது. ஆனால் பாய் தம் கடையின் கருப்பு வெள்ளைப் பெட்டியைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்ததும், பேருந்துக்குப் போகிறவர்களும் நின்றுவிடுவார்கள்.

சாலை முனையில் ஒரு பீடம் காலியாக இருந்தது. ஒரு சாரார் தங்கள் தலைவரை வைக்கக் கட்டியது, மறுசாரார் தடுத்துவிட்டார்கள். மறியலுக்குப் பின் அமைதிக் குழுக் கூட்டம் கூட்டப்பட்டது. நடவடிக்கைகளைக் குறிக்க அம்மையார் போயிருந்தார். கல்லூரியின் சார்பில் நானும் இருந்தேன்.

“பீடத்த இடிச்சிடலாமா?” என்றார் அதிகாரி.

“இடிச்சா ரெண்டு பேருக்கும் இல்லாம பூடும்” என்றார் ஒரு சாராரின் பெரியவர். அதுவரை இரு சாராரும் ஒத்துப்போன ஒரே செய்தி அது.

“கேட்டு மாமாவ வைங்க” என்றார் அம்மையார், எழுதிக்கொண்டிருந்த தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

“யாரு, டிவில வர்றாரே அவரா? ஏம்மா, அவரு நெசமான ஆளே இல்லியே.”

“அதனாலதான் சொல்றேன்.”

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஒருவர் கேட்டார்: “சரி, அவரு இன்னா ஆளுங்க?”

“கதையில சொல்லல.”

“மாமான்னு கூப்புடறாங்களே, அய்யரா இருக்குமோ?”

“ஏன், எங்க வூட்ல மாமன் இல்லியா?” என்றார் எதிர்வரிசைக்காரர்.

அதிகாரிக்குச் சிரிப்பு அடங்குவதற்குள் கையெழுத்து வாங்கும் திறமை இருந்தது.

எலவனாசூர்கோட்டையில் கோயில் வேலை செய்துகொண்டிருந்த சுதைக்காரர் ஒருவர் வந்தார். அய்யனார் குதிரைகள் செய்து பழகிய கை. அவரும் தொடரைப் பார்த்தவர்.

“கைல கொடி வெக்கட்டுமாம்மா? பச்சக் கொடி?”

“பச்சையும் வேணாம், செவப்பும் வேணாம். லாந்தர் வைங்க.”

“துண்டுக்கு இன்னா கலரு?”

“டிவில இன்னா கலருல பாத்தீங்க?”

சுதைக்காரர் யோசித்தார். “கலரே இல்லியே.”

“அப்டியே வுடுங்க. சிமெண்ட்டாவே இருக்கட்டும்.”

“கண்ணு தொறக்கணுமேம்மா. கண்ணு தொறக்காம செலைய நிறுத்தக் கூடாது.”

நெடுநேரம் பேசி, கண்ணுக்கு மட்டும் கருமை தீட்ட அம்மையார் ஒப்புக்கொண்டார். ஆகவே சாம்பல் நிற உடலில் இரண்டு கருவிழிகளோடு கேட்டு மாமா நின்றார். ஞாயிறன்று மலையிலிருந்தும் கீழேயுள்ள கிராமங்களிலிருந்தும் ஆட்கள் அவரைப் பார்க்க வந்தார்கள். லாரிக்காரர்கள் அந்த முனையில் வேகத்தைக் குறைத்து ஒலி எழுப்பிப் போனார்கள். புதுமணத் தம்பதி ஒன்று மாலையோடு வந்து நின்று படம் எடுத்துக்கொண்டது. சிலர் நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போவார்கள், சிலர் குங்குமம். அம்மையார் ஈரத்துணியோடு வந்து துடைப்பார். “கேட்ல நிக்கிறவருங்க, கோயில்ல இல்ல” என்பார். ஒன்றரை ஆண்டுக் காலம் அந்த ஊரில், யாருக்கும் சொந்தமில்லாத ஒருவர் எல்லாருக்கும் உறவாக நின்றார். நான் பார்த்தேன். இதை நான் கற்பனை செய்யவில்லை.

பிறகு வண்ணம் வந்தது. ஏதோ திருவிழாவை முன்னிட்டு முனையிலுள்ள கைப்பிடிச் சுவருக்கு வண்ணம் பூசிய ஒப்பந்தக்காரர், டின்னில் மிச்சம் இருந்ததைச் சிலைக்கும் பூசிவிட்டார். உடலுக்குக் காக்கி. துண்டுக்கு மஞ்சள். அவருக்கு உள்நோக்கம் இருந்ததாக நான் நம்பவில்லை. மஞ்சள் மிச்சம் இருந்தது, பூசினார். ஆனால் மஞ்சள் அப்போது ஒரு சாராரின் நிறம். மறுநாளே மற்றவர்களுக்கு நினைவு வரத் தொடங்கிவிட்டது.

“மெட்ராசுல எங்க மச்சான் வூட்ல கலர் டிவில பாத்தேன். துண்டு நீலங்க. சத்தியமா நீலம்.”

“பாண்டிச்சேரில நான் பாத்தேன். மஞ்சதான். சந்தேகமே இல்ல.”

இன்னொருவர் சிவப்பு என்றார். கலர்ப் பெட்டியில் பார்த்ததாகச் சொன்ன ஒவ்வொருவரும் தத்தம் கொடியின் நிறத்தையே பார்த்திருந்தார்கள். ஒருவரும் பொய் சொல்வதாகத் தோன்றவில்லை. அதுதான் என்னை இன்றும் கோபப்படுத்துகிறது. மஞ்சளின் மேல் நீலம் ஏறியது. நீலத்தின் மேல் மீண்டும் மஞ்சள். பாய் மட்டும், “நாங்களும் ஒரு டின்னு பச்ச வாங்கியாரட்டுமா டீச்சரம்மா?” என்றார். அந்த நாட்களில் அம்மையார் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அவர் மண்ணெண்ணெயும் சாக்குத் துணியும் எடுத்துக்கொண்டு பீடத்தில் ஏறி, பட்டப்பகலில், துண்டைத் தேய்க்கத் தொடங்கினார். சில வாலிபர்கள் சூழ்ந்துகொண்டார்கள்.

“ஏன் எங்க கலர அழிக்கறீங்க? நீங்க அவனுங்க ஆளா?”

அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“கேக்கறோம் இல்ல? எந்தப் பக்கம் நீங்க?”

“தள்ளி நில்லுங்க. மேல தெறிக்கும்.”

பெண் என்பதால் தொடவில்லை. ஆனால் அதற்குப் பின் தட்டச்சு நிலையத்துக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் வருவது கம்மியானது. அவர் எந்தப் பக்கமும் இல்லை என்றால் எதிர்ப்பக்கம் என்றுதான் இரு பக்கமும் கணக்குப் போட்டன.

அடுத்த ஆண்டு ஒரு மோதலில் யாரோ எறிந்த கல் லாந்தர் பிடித்த கையை உடைத்தது. கல் எறிந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அடிபட்டவரைக் கூண்டில் போட்டார்கள். இந்த மாநிலத்தில் இது நமக்குப் பழகிவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும் பேருந்து நிலையத்தருகே பெரிய மனிதர்கள் கம்பிக்குப் பின்னால் நின்று நம்மைப் பார்க்கிறார்கள். அவர்களையாவது ஒருகாலத்தில் உயிரோடிருந்து எதையோ பேசியதற்காக அடைத்தோம். கேட்டு மாமா உயிரோடு இருந்ததே இல்லை. கலகம் செய்யவில்லை, தேர்தலில் நிற்கவில்லை. ஒரு கேட்டைத் திறந்து மூடியதைத் தவிர அவர்மேல் குற்றமில்லை.

அம்மையார் சாவி கேட்டுக் காவல் நிலையத்துக்குப் போனார். நானும் உடன் போனேன்.

“அந்தச் செலைக்கும் உங்களுக்கும் இன்னாம்மா சம்பந்தம்?” என்றார் ஆய்வாளர். “சொந்தக்காரங்களா?”

“ஆமாங்க.”

“எந்த வகையில?”

“மாமா.”

ஆய்வாளர் வாய்விட்டுச் சிரித்தார். எங்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தார். சாவி கொடுக்கவில்லை. நிலைமை சரியானதும் திறந்துவிடுவோம் என்றார். அதற்குப் பின் எத்தனையோ ஆய்வாளர்கள் மாறினார்கள். மாவட்டம் இரண்டு முறை பெயர் மாறியது. கூண்டை எடுக்கக் கோரி ஆண்டுதோறும் அவர் மனு அடித்து அனுப்பினார். நிலைமை சரியாகவில்லை என்றே பதில் வந்தது. பதில் எழுதியவர்களுக்குள் யாருக்கும் உள்ளே நிற்பவர் யார் என்று தெரிந்திருக்காது.

தட்டச்சு நிலையத்தை மூடியபின் கச்சிராயபாளையம் சாலையில் உள்ள ஒரு கிராமத்தில் சிறு வீடு பிடித்துக் குடியேறினார். வாடகை கம்மி என்றார். வீடு கேட்டபோது வீட்டுக்காரர் கேட்டிருப்பார். என்ன சொன்னாரோ தெரியாது.

அங்கேதான் இறந்தார். காலையில் செய்தி வந்து நான் போனபோது ஊர்க்காரர்கள் சிலர் தெருவில் நின்றிருந்தார்கள். இலவச அமரர் ஊர்தி வந்துவிட்டது. உறவினர் யாரும் இல்லை. அண்ணன் மகன் ஒருவர் நெய்வேலியிலிருந்து வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். உடலைத் தூக்கி வைத்தபின் ஓட்டுநர் என்னிடம் வந்தார். நல்ல மனிதர், குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார்.

“சார், ஊர் சுடுகாடா, காலனி சுடுகாடா?”

“எது பக்கம்?”

“பக்கம் தூரம் பாத்தா சார் பொணம் போவுது? எந்தப் பக்கம் திரும்பறதுன்னு சொல்லுங்க. தப்பா திரும்பிட்டா வண்டிய மறிச்சிடுவாங்க. எனக்கு இது பழக்கம்.”

எனக்குத் தெரியாது என்றேன். சுற்றி நின்றவர்களைப் பார்த்தேன். அவர்களுக்கும் தெரியாது, ஆனால் தெரிந்தாக வேண்டும் என்று நின்றார்கள். பெரியவர் ஒருவர், கடுமையில்லாமல், “நல்ல அம்மாதாங்க. ஆனா எங்கன்னு தெரியாம எப்பிடி எடுக்கறது?” என்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அவரை வைத்த வண்டி தெருவில் நின்றது. இயந்திரம் ஓடிக்கொண்டே இருந்தது. நாற்பது ஆண்டுகள் யாருக்கும் சொல்லாமல் காத்த ஒன்றை, இப்போது அவருக்காக யாராவது சொல்லாவிட்டால் அவருக்கு மண்ணில் இடமில்லை.

நெய்வேலிக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பயணக் களைப்பில், துக்கத்தில், ஓட்டுநர் கேட்டதும் யோசிக்காமல் ஒரு சொல்லில் பதில் சொன்னார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். தெருவில் நின்றவர்களில் பாதிப்பேர் அந்தச் சொல்லைக் கேட்டதும் ஓரடி முன்னால் வந்தார்கள். மீதிப்பேர் ஓரடி பின்னால் போனார்கள். வண்டி திரும்பியது.

எந்தப் பக்கம் திரும்பியது என்பதை எழுத மாட்டேன். கேட்டு எழுதுகிறவர்களுக்கும் பதில் போட மாட்டேன்.

செய்யாமல் நிற்பவை:

கூண்டுச் சாவி இப்போது எந்த நிலையத்தில், யார் வசம் இருக்கிறது என்று கண்டறிதல்.

பதாகையை அவிழ்த்தல். கட்டிய பிள்ளைகளை முதலில் பார்த்துப் பேச வேண்டும். அவர்கள் அழுதுகொண்டே கட்டியதாகப் பாய் சொல்கிறார்.

துண்டின் மேல் ஏறியிருக்கும் வண்ணங்களைச் சிமெண்ட் தெரியும்வரை சுரண்டுதல்.

வெள்ளிமலைப் பெரியவரின் பேரன் இன்னும் சான்றிதழுக்கு அலைகிறான். அவனுக்கு மனு எழுதித் தருதல்.

அந்தக் கிராமத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு சுடுகாட்டுக்கு இடம் கேட்டு விண்ணப்பித்தல். எனக்கும் வயதாகிறது.